பாதியில் உறைந்த கல்யாண வீடியோ

பாறசாலையில் நான் கல்யாண வீடியோக்களை வெட்டித் தொகுப்பேன். அமரவிளையில் இருக்கும் என் தங்கை அவற்றின் நிறத்தைச் சரிசெய்வாள். எங்கள் இரண்டு கணினிகளுக்கும் இடையே கோப்புகளை அனுப்பிக்கொள்ள ஒரு மென்பொருள் வாங்கியிருந்தோம்.

ஒரு சர்ச் கல்யாணத்தின் முழு வீடியோவை அனுப்பியபோது, பாதியிலேயே தங்கையின் கணினி உறைந்துபோனது. உடனே போன் செய்தாள்.

"எக்கா, மெமரி போதாதுன்னு காட்டுது."

"டிஸ்க்கில எடம் கெடக்குல்லா?"

"அது நெறைய உண்டு. இது ரேம் மெமரியாக்கும். மொத்த ஃபைலையும் அதுக்குள்ள ஏத்தினப்பொறம்தான் டிஸ்க்கில எழுதுமாம்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. கோப்பு வந்துசேரச் சேரக் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்கில் எழுதி வைத்தால் என்ன? மென்பொருள் நிறுவனத்தை அழைத்துக் கேட்டேன்.

"புதுக் கம்ப்யூட்டர் வாங்குங்க மேடம்," என்றார் பேசியவர்.

"தப்பு ஒங்க புரோகிராமில. நான் எதுக்குக் கம்ப்யூட்டர மாத்தணும்?"

அவர் போனை வைத்துவிட்டார்.

வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பினேன். எல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. தங்கை வேலையை முடித்து மணப்பெண் வீட்டில் கொடுத்தாள். அந்த மென்பொருளை அன்றே இரண்டு கணினிகளிலிருந்தும் நீக்கினோம். அது செய்ய வேண்டிய வேலையை நான் உட்கார்ந்து செய்ததை நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது.