கோடு விழாத பெயர்

என் மனைவியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி நல அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். அவள் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த இடம். நினைவு மலர் அச்சடிக்கப் போகிறார்களாம். நல்லதாக எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது வயிற்றெரிச்சல்தான். அதை எழுதினால் அச்சடிப்பார்களா, தெரியவில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். அவளை முதன்முதலில் பார்த்ததும் ஒரு லிஃப்டில்தான். ஆறு மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. நான் மேலே மோட்டார் அறைக்கு ஏறிப்போய், சக்கரத்தைக் கையால் சுற்றி இறக்கி, கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு கிழவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஃபைல் அட்டையால் விசிறியபடி இவள். நாற்பது நிமிடம் இருட்டில் கிடந்தவள் எனக்கு ஒரு நன்றியாவது சொல்வாள் என்று நின்றேன். "முதல்ல இவரைப் பாருங்க" என்றாள்.

அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை, கல்யாணம் செய்துகொண்டேன். அடுத்த முப்பது வருடமும் அதே பேச்சுதான். முதலில் இவரைப் பாருங்கள், முதலில் அவளுக்குக் கொடுங்கள். ஆள்தான் மாறிக்கொண்டே இருந்தது. நான் எப்போதும் இரண்டாவது.

வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. படுக்கையில் கிடப்பவர்கள், புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு வாய் திறக்காதவர்கள், பள்ளிக்கூடம் போகாமல் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண் குழந்தைகள். தோளில் ஒரு கறுப்புப் பை, அதில் ஒரு குடை, இரண்டு பிஸ்கட் பொட்டலம், ஃபைல்கள். லிஃப்ட் வேலை செய்யாத கட்டடம் என்றால் ஏழு மாடியும் ஏறுவாள். ஏறிவிட்டு எனக்குத்தான் போன் செய்வாள், சரிசெய்யச் சொல்லி. அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு எங்கள் கம்பெனி இல்லை என்றாலும் போவேன். சரி செய்துவிட்டுக் கீழே நின்றால் எல்லாரும் அவளுக்குக் கைகூப்புவார்கள்.

மகள் பிறந்தபோது, இனிமேலாவது வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். இருந்தாள், குழந்தையோடு. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் மூன்று நாள் லீவு போடுவாள். எனக்கு முதுகு பிடித்துக்கொண்டால் ஒரு தைலப் புட்டி. பெற்ற மகள் மேல் பொறாமைப்படும் அப்பன் உண்டா என்றால், உண்டு. நான்தான்.

ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஊருக்கெல்லாம் செய்யற. வீட்டுல ஒருத்தன் இருக்கறது கண்ணுக்குத் தெரியுதா?"

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்வாங்கல்ல" என்றாள்.

"பிள்ளை வளரும். புருஷனை யார் வளக்கறது?"

அவள் என் சட்டையின் கழன்ற பொத்தானைத் தைக்க ஆரம்பித்தாள்.

இவர்களையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒருவரைத்தான் தாங்க முடியவில்லை. விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியில் கண்ணை மூடி உட்காருவாள். ஒரு மணி நேரம். வீடு இடிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். கடவுளிடம் பேசுகிறாளாம். என்னிடம் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் அவள் பேசியதில்லை. மனிதனாக இருந்தால் சட்டையைப் பிடித்துச் சண்டை போடலாம். கடவுளை என்ன செய்வது? பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அவள் முகத்தில் அசைவே இருக்காது.

மடியில் ஒரு நோட்டு வைத்திருப்பாள். பக்கத்தின் நடுவில் சிவப்பு மையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் ஆள், வலப்பக்கம் அவருக்கு வேண்டியது. உண்மைப் பெயரை வெளியே எழுதக் கூடாது என்பது அலுவலக விதி என்பதால் எல்லாருக்கும் பட்டப்பெயர். 'இருமல் அக்கா', எதிரே 'மருந்து'. 'இரட்டைப் பின்னல்', எதிரே 'பள்ளிக்கூடம்'. வெயிலிலும் கோட்டு மாட்டியிருக்கும் 'கோட்டுத் தாத்தா', எதிரே 'மகன் கடிதம்'. காரியம் நடந்துவிட்டால் அந்த வரியில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவாள். அன்றைக்கு முகமெல்லாம் பல்லாக இருப்பாள். எனக்கும் சந்தோஷம்தான், ஒரு ஆள் தொலைந்தானே என்று.

அவள் குளிக்கப் போகும் நேரத்தில் நோட்டைப் புரட்டிப் பார்ப்பேன். தப்புதான். என் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடுவேன். இருக்காது. மகள் இருப்பாள், அவளுக்குப் பின்னால் பிறந்த மகன் இருப்பான், என் தங்கைகூட ஒரு தடவை இருந்தாள். நான் இல்லை.

ஆனால் முதல் பக்கத்தில் முதல் வரியில் ஒருவன் இருந்தான். இடப்பக்கம் 'பங்காளி'. வலப்பக்கம் 'காய்ச்சல்'. வருடா வருடம் புது நோட்டு வாங்கி, கோடு விழாத பெயர்களை அதில் எடுத்து எழுதுவாள். எந்த வருடத்து நோட்டிலும் அவன்தான் முதல். இரட்டைப் பின்னல் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டாள். இவனுக்கு மட்டும் காய்ச்சல் விடவில்லை.

தாங்க முடியாமல் ஒரு நாள், "யார் அந்தப் பங்காளி?" என்றேன்.

நோட்டைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தும் அவள் கோபப்படவில்லை. "ஆபீஸ் ரகசியம்" என்றாள்.

"இத்தனை வருஷமா விடாத காய்ச்சல் என்ன காய்ச்சல்?"

"அது ஏறும், இறங்கும். நான் வீட்டுக்கு வர லேட்டானா ஏறும்."

"நீ போய்ப் பாத்தா இறங்கிடுமோ?"

"கொஞ்சம் இறங்கும்" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் காதில் புகை வந்தது. மறுநாளே மருந்துக்கடையில் ஒரு அட்டை காய்ச்சல் மாத்திரை வாங்கிவந்து அவள் முன்னால் போட்டேன். "உன் பங்காளிக்குக் குடு. சீக்கிரம் விடட்டும், உன்னையும் விடட்டும்." அவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மாத்திரை அட்டையை நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அவன் வீட்டுக்குத்தான் கொண்டுபோகிறாள் என்று நினைத்துப் பொருமினேன்.

போன வருடம் அவள் இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரி. பார்க்க வந்தவர்கள் வரிசை படிக்கட்டு வரை நின்றது. கட்டிலோரம் எனக்கென்று இருந்த ஒரே ஸ்டூலிலும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒவ்வொருவரையும் உற்றுப் பார்ப்பேன். இவன் பங்காளியாக இருப்பானோ, அவனோ? கொஞ்சம் வாடினாற்போல் யார் வந்தாலும் சந்தேகம்தான்.

ஒன்பதாம் நாள் காலை நோட்டைக் கேட்டாள். கோட்டுத் தாத்தா வரியில் கோடு போட்டாள், கடிதம் வந்துவிட்டதாம். பிறகு முதல் பக்கத்தைத் திருப்பினாள். பங்காளியின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து நர்ஸ் வந்து, "எங்க அம்மா மாதிரியே இருக்காங்க" என்று அவள் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"நான் இருக்கேன்ல. நான் பாத்துக்கறேன்" என்றேன். சொன்ன விதம் சரியில்லை. நர்ஸ் முகம் சுண்டிப்போய் வெளியேறினாள். என் மனைவி சிரித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள். மறுநாள் மத்தியானம் போய்விட்டாள்.

போன வாரம் இந்த மலருக்கான கடிதத்தைக் கொண்டுவந்தவள், அவள் இடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பெண். கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "அம்மாவோட நோட்டு வேணும் சார். கோடு விழாதவங்க வீட்டுக்கெல்லாம் இனிமே நான்தான் போகணும்" என்றாள். தோளில் அதே மாதிரி கறுப்புப் பை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மனைவியின் கையெழுத்தில் எனக்கென்று மிச்சம் இருப்பது அந்த நோட்டுதான். அதிலும் ஊருக்குப் பங்கா? முடியாது என்று சொல்ல வாயெடுத்தவன், வேறொன்று தோன்றி நோட்டை எடுத்துவந்தேன். "முதல் ஆள் யாருன்னு சொல்லும்மா. சொன்னாத்தான் தருவேன்."

அவள் பையிலிருந்து பட்டப்பெயர்களும் குறித்திருந்த ஒரு ஃபைலை எடுத்து ஒவ்வொரு பெயராக ஒப்பிட்டாள். "இருமல் அக்கா இருக்காங்க. மத்தவங்களும் இருக்காங்க. முதல் ஆள் மட்டும் ஃபைல்லயே இல்ல சார்." விரலை வைத்து அந்த வரியைச் சத்தமாக, சிவப்புக் கோட்டில் நிற்காமல் ஒரே மூச்சில் படித்தாள். "பங்காளி காய்ச்சல்." ஒரு நொடி நின்று, "பங்காளிக் காய்ச்சல்னா பொறாமைதானே சார்?" என்றாள்.

டீயோடு வந்த என் மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "அப்பா" என்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்து, அழுகையில் முடித்தாள்.

பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சொல். முப்பது வருடமாக நான் அதைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிரித்துப் படித்திருக்கிறேன். நோட்டிலிருந்து அந்த மாத்திரை அட்டை விழுந்தது, வருடா வருடம் புது நோட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. தினமும் விடிந்ததும் என் வண்டவாளத்தைக் கடவுளிடம் சொல்லியிருக்கிறாளே என்று கோபமாகவும் இருந்தது. இருமல் அக்காவுக்கு முன்னால், பெற்ற பிள்ளைகளுக்கும் முன்னால், எல்லா வருடமும் நான்தான் முதல் வரியில் இருந்திருக்கிறேன். குனிந்து மாத்திரை அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண் சங்கடத்தோடு பேனாவைத் திறந்தாள். "அப்ப இதுக்குக் கோடு போட்டுடலாமா சார்?"

"வேண்டாம்மா. இன்னும் விடலை."

என் முகத்தைப் பார்த்தவள் பேனாவை மூடினாள். அவளுக்கு என்ன தோன்றியதோ, ஃபைலில் கடைசியாக எதையோ எழுதிக்கொண்டாள். "கோடு விழலைன்னா வந்து பாக்கணும் சார். அதுதான் விதி. வியாழக்கிழமை இந்தத் தெருவுக்கு வருவேன். இருமல் அக்கா வீடும் பக்கத்துலதான்."

நோட்டை அவள் கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"முதல்ல அவங்க வீடா, இங்கயா?"