சுக்காவும் வெள்ளை ஒயினும்

இதை எழுத நாலைந்து வருஷம் தயங்கினேன். வருஷா வருஷம் அம்மனுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கிற வீட்டில் ஒயின் பரிமாறினோம் என்று எப்படி எழுதுவது? ஆனால் ஊரில் ஆளுக்கொரு மாதிரி பேசுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

திருத்தங்கல்லில் எனக்குச் சின்ன அச்சகம். பட்டாசுப் பெட்டி லேபிள்தான் பெரும்பாலும். பிரான்சில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அம்மா தன் பாட்டில்களுக்கு லேபிள் ஆர்டர் கொடுத்திருந்தார். நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க நேரிலேயே வந்தவரை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தேன். இரண்டு பாட்டிலோடு வந்துவிட்டார். ஒன்று அவர் தோட்டம் இருக்கும் அல்சாஸ் பக்கத்து வெள்ளை ஒயின். இன்னொன்று போர்தோ என்ற ஊர்ச் சிவப்பு ஒயின்.

என் மனைவியின் அண்ணன் குடித்தே செத்தவர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குள் ஒரு பாட்டில் வந்ததில்லை. அவள் என்னை அடுப்படிக்கு இழுத்தாள்.

"ஏங்க, இத உள்ள விட்டா எங்கண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"ஆசையாக் கொண்டாந்திருக்காக. வெளிய வைங்கன்னு எப்படிச் சொல்ல?"

இலையில் எண்ணெய்ப் புரோட்டாவும் மட்டன் சுக்காவும் வைத்துவிட்டு அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

நான் எவர்சில்வர் டம்ளரில் சிவப்பு ஒயினைத் தளும்பத் தளும்ப ஊற்றினேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கல்லூரியில் படிக்கும் என் மகள்தான் இங்கிலீஷில் பேசி எங்களுக்குச் சொன்னாள்.

"யப்பா, கால் டம்ளர்தான் ஊத்தணுமாம்."

"கால் டம்ளர் குடுத்தா, எந்திரிச்சுப் போங்கன்னு சொல்ற மாதிரில்ல இருக்கும்!"

சுக்காவைத் தின்று சிவப்பை ஒரு வாய் குடித்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்துக்குச் சிவப்பு ஆகாதாம், எரிச்சலைக் கூட்டுமாம். லேசான இனிப்புள்ள வெள்ளைதான் சேருமாம். வெள்ளைக்கு மாறினார். ஒரு கவளம், ஒரு மிடறு. மறுபடி ஒரு கவளம்.

'உங்கள் அம்மா ஏன் உட்காரவில்லை?' என்று மகளிடம் கேட்டார். அவள் மாமா கதையைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மா முகம் வாடிப்போய், டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு பாட்டிலையும் மூடினார். ஆர்டர் போனாலும் போகட்டும், வீட்டுக்கு வந்தவரை இப்படி நோகடித்துவிட்டோமே என்று இருந்தது எனக்கு.

மனைவி கிட்டே வந்தாள். பாதி காலியான இலையையே பார்த்தாள்.

"குடிக்கச் சொல்லுடி. எங்கண்ணன் ஒரு வாய்ச் சோறு திங்காமக் குடிச்சான். நான் சோத்து வட்டில ஏந்திக்கிட்டுப் பின்னாடியே அலைவேன். இவுக சோத்துக்காகல்ல குடிக்காக."

இன்னும் இரண்டு கரண்டி சுக்கா வைத்து, டம்ளரைத் தன் கையாலேயே அவர் பக்கம் நகர்த்தினாள். பிறகு அவர் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தாள்.

நடந்தது இவ்வளவுதான். நாங்கள் யாரும் ஒரு சொட்டுத் தொடவில்லை. அம்மன் சாட்சி. இதைப் படிக்கிறவர்கள் அடுத்தவரிடம் சொன்னால் இப்படியே சொல்லுங்கள். அந்த வீட்டில் குடி நடந்தது என்று கூட்டவும் வேண்டாம். வந்தவர் குடிக்கவே இல்லை என்று எங்களுக்காகக் குறைக்கவும் வேண்டாம்.