பொழுதுபடாத வெள்ளிக்கிழமை

லண்டனில் சட்டன் பகுதியில் இருக்கும் பாலாம்பிகைக்கு இந்த நோர்வே பயணமே வேண்டாத வேலை. ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கும் ஷிப்டுக்கு லீவு எடுக்கவே மனமில்லை. தம்பி யோகலிங்கம் விட்டால்தானே! "அக்கா, யோசிச்சு யோசிச்சு உனக்கு விசர் பிடிக்கப்போகுது. நாலு நாள் வந்து மலையைப் பார், கடலைப் பார்" என்று டிக்கெட்டையே அனுப்பிவிட்டான். கணவர் பரமேஸ்வரனும் பிடித்துத் தள்ளாத குறையாக விமானம் ஏற்றிவிட்டார்.

யோசனையெல்லாம் ஒரே மகன் ஆனந்தராஜாவைப் பற்றித்தான். லண்டனுக்குக் கள்ளவழியாலே கொண்டுவந்து சேர்க்கிறேன் என்று ஏஜென்சிக்காரன் கொழும்பில் விமானம் ஏற்றிய பிள்ளை, மாஸ்கோவிலிருந்து ஒருமுறை பேசியதோடு சரி. அன்றே அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள். அவன் வந்து சேரும்வரை வெள்ளிக்கிழமைகளில் பட்டினி. பொழுதுபட்டு விளக்கு வைத்த பிறகுதான் ஒரு பிடி சோறு. இரவு ஒன்பது மணி தாண்டிப் பொழுதுபடும் லண்டன் கோடையில் அதுவே பெரிய தண்டனை.

தம்பி மீன் ஃபாக்டரியில் வேலை செய்யும் த்ரொம்சோ, நோர்வேயின் வடக்கு அந்தத்தில் இருந்தது. வந்த அலுப்பில் முதல் நாள் தடித்த திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். மறுநாள் வெள்ளி. கேபிள் காரில் மலையுச்சிக்குக் கூட்டிப்போனான். மலைகளுக்குள் புகுந்து கிடந்த கடல், ஆனி மாதத்திலும் கரையாத பனி, அருவி. எல்லாம் வடிவுதான், யார் இல்லையென்றது! வீடு திரும்பித் திரியும் நெருப்புப்பெட்டியுமாக ஜன்னலடியில் நின்றாள். இதோ விழப்போகிறது என்று பார்த்த சூரியன், சனியன், கடலுக்கு மேலாலே பக்கவாட்டில் நகர்ந்து போனது.

"தம்பி, இது எப்ப படும்?"

"ஆடி மாசத்திலை, அக்கா."

"பகிடி விடாதை. நான் பசியிலை நிக்கிறன்."

"பகிடியில்லை அக்கா! கோடையிலை இஞ்சை ராவிலையும் சூரியன் நிக்கும். இதைப் பாக்கத்தானே எங்கையெங்கை இருந்தெல்லாம் சனம் காசு குடுத்து வருகுது."

காசு கொடுத்துப் பார்க்கிற விஷயமா இது? திரையை இழுத்துவிட்டுக் கொளுத்தலாமா? அது அம்மனை ஏய்க்கிற வேலை. லண்டன் நேரத்துக்குக் கொளுத்தலாமா? நிற்பது இங்கே அல்லவா? பிசகினால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால்?

யோகலிங்கம் யோசித்துவிட்டுச் சொன்னான். "விரதம் ஆருக்கு, ஆனந்தனுக்குத்தானே? அவன் நிக்கிற இடத்திலை பொழுதுபட்டால் காணாதோ?"

அட, இது நியாயம்! உடனே சட்டனிலிருந்த கணவருக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, ஏஜென்சிக்காரன் ஏதும் சொன்னவனோ? பிள்ளை இப்ப எந்த ஊரிலை நிக்கிறான்? அங்கை இருட்டிட்டுதோ?"

மறுமுனையில் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

"என்னப்பா, கேக்குதோ?"

"கேக்குது. தெரிஞ்சால் சொல்லமாட்டனோ, பாலா?" என்றார் பரமேஸ்வரன். "ஏஜென்சிக்காரன் இப்ப போனும் எடுக்கிறானில்லை."

அவள் போனை வைத்தாள். "எங்கையாவது ஒரு ஊரிலை இப்ப பொழுதுபட்டிருக்குந்தானே?" என்று தம்பியைக் கேட்டாள். அவன் தலையாட்டினான். விளக்கைக் கொளுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவள், பிள்ளை சாப்பிட்டானோ இல்லையோ என்று தெரியாமல், சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.