உள்ளங்கைக்கு ஒரு கையுறை

ஞாயிற்றுக்கிழமை கம்பளைப் பக்கம் மகாவலி ஆற்றில் கனூ படகு ஓட்டப் போகிறோம். போன தடவை துடுப்புப் பிடித்தே என் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம் வந்துவிட்டது. அதனால் இன்று கண்டி டவுனில் கையுறை வாங்கப் போனேன்.

கடைக்காரர் பூப்போட்ட மெல்லிய ஜோடி ஒன்றை எடுத்துப் போட்டார். ஸ்கூட்டியில் போகும் பெண்கள் மாட்டுகிற வகை.

“துடுப்புப் பிடிக்கணுங்க. இது ஈரத்துல வழுக்குமே?”

“வழுக்கினா என்ன மிஸ், வெயில்ல கை கறுக்காது.”

“உள்ளங்கை எங்கங்க கறுக்கப் போகுது?”

என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். “இருக்கிற கலரையாவது காப்பாத்திக்கங்க மிஸ்.”

அந்த ஜோடியை அவர் மேசையிலேயே வீசிவிட்டு வந்தேன்.

துடுப்பு வழுக்காத கையுறை எங்கே கிடைக்கும், சொல்லுங்கள். வாய்க்கு மாட்டுகிற உறையும் அங்கே இருந்தால் நல்லது. இந்த மனிதருக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம்.