கோடா மணக்கும் சட்டை

முழங்கைக்குக் கீழே ஒரு துளி விட்டுப் பெருவிரலால் தேய்ப்பார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்களை மூடிக்கொள்வார். பிறகு தலையை ஆட்டி, "இல்லை, இது அதில்லை" என்று மூடியைத் திருகி, போத்தலைச் சமையலறை அலுமாரியில் மிளகாய்த்தூளுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார் அரியரத்தினம். ஜெர்மனியின் ஹம் நகரில் குளியலறைச் சாமான் விற்கும் நிறுவனமொன்றின் சரக்குக் கிடங்கான லாகரில் பெட்டி அடுக்குகிறவர். வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே இந்தச் சோதனை நடந்துவிடும்.

போத்தலில் இருப்பது வேப் என்கிற மின்சிகரெட்டுக்கு அவர் வீட்டிலேயே தயாரித்த திரவம். இளவயதில் தொட்ட யாழ்ப்பாணச் சுருட்டை, நெஞ்சு இரைக்கத் தொடங்கியதும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். மனிதர் ஒரே நாளில் நிறுத்தினார். ஆனால் கை சும்மா இருக்குமா? ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் ஒரு வேப் வாங்கினார். மாம்பழ ருசி. அறுபதைத் தாண்டிய, மீசை நரைத்த ஒருவர் பால்கனியில் நின்று மாம்பழ வாசனையை ஊதுவது பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அவருக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. மல்லிகா அந்த வார்த்தையைச் சொல்லும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

மல்லிகா அவருடைய மனைவி. மகள் கஜந்திக்குப் பிள்ளை பிறந்தபோது பத்தியம் காய்ச்சிக் கொடுக்க ஹம்பேர்க் போனவர். "ஒரு மாசம்தானே, கண்ணை மூடி முழிக்க வந்திடுவன்" என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். கஜந்தி வேலைக்குத் திரும்பினாள். பிள்ளைக்குக் காப்பகத்தில் இடம் கிடைத்தபாடில்லை. ஒரு மாதம் இரண்டு குளிர்காலமாக நீண்டுவிட்டது. எப்போதாவது ஒரு சனிக்கிழமை வருவார். சோறு கறி சமைத்துப் பெட்டிகளில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியை நிரப்பிவிட்டு ஞாயிற்றுக்கிழமை போய்விடுவார்.

முன்பெல்லாம் இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே, "இஞ்சாருங்கோ, தள்ளி இருங்கோ. உங்கட சுருட்டு நாத்தம் தாங்கேலாது" என்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துவார். பொத்திக்கொண்டு அதே இடத்தில் இருப்பார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். கடந்த மாதம் வந்தபோது மூக்கைப் பொத்தவில்லை. "நீங்கள் வேற ஆரோ ஆள் மாதிரி மணக்கிறியள்" என்றார். சொல்லிவிட்டு எழுந்துபோய் எதிர்க் கதிரையில் உட்கார்ந்தார்.

ஏசியிருந்தால் இவர் சிரித்திருப்பார். அந்த எதிர்க் கதிரைதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. தூரத்தில் இருந்து இருந்து தன்னை ஒரு அந்நியனாகவே நினைக்கத் தொடங்கிவிட்டாளோ என்று பயந்துபோனார். மல்லிகாவின் ஏச்சைக் கேட்க அவருக்கு அவ்வளவு ஏக்கம்.

கடையில் புகையிலை ருசியிலும் போத்தல்கள் உண்டு. நாலைந்து வாங்கிப் பார்த்தார். "புகையிலை எண்டு எழுதியிருக்கிறான், ஊதினா பிஸ்கற்" என்று ஒதுக்கினார். பிறகுதான் தானே இறங்கினார். ஊருக்குப் போய்வந்த நண்பர் கிருஷ்ணசாமி கொண்டுவந்த சுருட்டுக் கட்டைப் பிரித்து, இலையை நறுக்கிக் கிளிசரினில் ஊறவிட்டார். மல்லிகாவின் றைஸ் குக்கரில் வெந்நீர் ஊற்றி, ஊறுகாய்ப் போத்தலை அதற்குள் இறக்கி வெதுவெதுப்பாக வைத்திருந்தார். கோப்பி வடிக்கும் கடதாசியில் சொட்டுச் சொட்டாக வடித்தார். மணந்து பார்த்தால் வெறும் வைக்கோல்.

"கோடா போடாதது ஒரு சுருட்டோ?" என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோடா என்பது பனங்கட்டியும் பழமும் சேர்த்துக் காய்ச்சிப் புகையிலைக்கு ஊற்றும் பாகு. யாழ்ப்பாணச் சுருட்டின் மணமே அதில்தான் இருக்கிறது. டோர்ட்மண்ட் தமிழ்க்கடைக்குப் போய்ப் பனங்கட்டி வாங்கிவந்து காய்ச்சி, திரவத்தில் தாராளமாகக் கலந்தார். இரண்டு இழுவைதான். வேப்பின் உள்ளே திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள் கருகிக் கரிக்கட்டையாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. வேப் கடைப் பெண் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதை ஊற்றினீர்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். கோடாவுக்கு ஜெர்மன் சொல் தெரியாமல் "சோஸ்" என்றார் இவர். இனிப்புச் சேர்ந்தால் கருகத்தான் செய்யும் என்று அவள் சிரித்தாள்.

"அப்ப எங்கட சுருட்டு மட்டும் ஏன் கருகேல்லை?" என்று கிருஷ்ணசாமியிடம் முறையிட்டார்.

"அண்ணை, அதைக் கருக்கத்தானே நெருப்பு வைக்கிறது. உந்தப் பாடெல்லாம் ஏன்? ஒண்டைப் பத்துங்கோவன்."

"ஏலாது. தொடமாட்டன் எண்டு மல்லிகாவுக்குச் சத்தியம் பண்ணினனான்."

அதற்குப் பிறகும் விடவில்லை. பாகைக் குறைத்தார், இலையைக் கூட்டினார், ஒவ்வொரு தடவையும் ஒரு சுருளைக் கருக்கினார். றைஸ் குக்கரில் அவித்த சோறெல்லாம் புகையிலை மணத்தது. அதையும் சாப்பிட்டார்.

போன சனிக்கிழமை காலை கைத்துளியை மணந்தவர் கண்ணைத் திறக்கவே இல்லை. அதேதான். அதே சுருட்டு, அதே கோடா. ஆவலோடு வேப்பில் ஊற்றி இழுத்தார். வீட்டில் மிச்சமிருந்த கடைசிச் சுருளும் கருகிற்று. மல்லிகாவின் ரயில் வர இன்னும் அரை மணித்தியாலம்கூட இல்லை. கையில் போத்தலோடு நடுச் சமையலறையில் நின்றார். பிறகு அதிலிருந்து ஊற்றிச் சட்டைக் கொலரில் இரண்டு பக்கமும் தேய்த்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்.

மல்லிகா இறங்கினார். பையை வாங்கக் குனிந்த அரியரத்தினத்தின் கழுத்தருகே அவர் முகம் அப்படியே நின்றது.

"திரும்பப் பத்தத் தொடங்கிட்டியளோ?"

"சத்தியமா இல்லை."

மல்லிகா இன்னொரு தடவை மூச்சை இழுத்தார், முதல் தடவையைவிட மெதுவாக. "சீ, தள்ளிப் போங்கோ" என்று சால்வை நுனியால் மூக்கைப் பொத்தினார். மற்றக் கையால் அவருடைய ஜாக்கெட் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.