அடுத்த பக்கத்து வாழ்த்து

கணக்கு டீச்சரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கட்டம் போட்ட நோட்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எண் எழுதிப் பழகும் நோட்டு அது. எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் ஜன்னலோரமாக அவருக்கு ஒரு மேசை. வகுப்பில்லாத பாடவேளைகளில் அந்த நோட்டைப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு சுரமாக எழுதிக்கொண்டே போவார். ஏழு கட்டம் முடிந்ததும் சிவப்பு மையில் ஒரு கோடு. இடது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கும். உதடு அசையும், சத்தம் வராது. நான் பள்ளியில் சேர்ந்த புதிதில், பிள்ளைகளுக்கு ஏதோ புதுவிதக் கணக்குத் தயார் செய்கிறார் என்றுதான் நினைத்தேன். கேட்டபோது கீர்த்தனை என்றார். "மிஸ்ர சாபு சார். ஏழேழாப் பிரியும். இதுவும் கணக்குத்தான" என்று சிரித்தார்.

சின்ன வயதில் மதுரையில் சித்தி வீட்டில் தங்கிப் பாட்டுக் கற்றவர். கல்யாணமாகி மார்க்கையன்கோட்டைக்கு வந்தபிறகு மேடையில் பாடுவதை விட்டுவிட்டு இயற்ற ஆரம்பித்திருக்கிறார். ஒரு வருடம் சரஸ்வதி பூஜையன்று பள்ளியில், முல்லையாற்றை நினைத்து எழுதிய பூர்விகல்யாணிக் கீர்த்தனையைப் பாடினார். "வருவாயென இருந்தோம், வயல் காய இருந்தோம்" என்று பல்லவி. எனக்குச் சங்கீதம் ஒன்றும் தெரியாது. நான் கம்ப்யூட்டர் வாத்தியார். ஆனால் 'காய' என்ற இடத்தில் குரல் இறங்கி அங்கேயே நின்றபோது, சுண்டலுக்காக வரிசையில் நின்ற பிள்ளைகள்கூட அசையவில்லை. அன்று ராத்திரி அந்த வரியை நானே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்தப் பாட்டு நல்ல பாட்டு. பின்னால் நான் செய்ததைச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

பள்ளி போக எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இணையத்தில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்று ஒரு கலைக்களஞ்சியம். அதில் ஒரு புனைபெயரில் பல வருடங்களாக எழுதி வந்தேன். எழுதியதைவிட நீக்கியதுதான் அதிகம். வார்டு கவுன்சிலருக்கு அவருடைய மச்சினன் எழுதும் பக்கம், கல்யாண மண்டபத்துக்கு அதன் மேனேஜர் எழுதும் பக்கம் எல்லாம் என் கையால்தான் போகும். விதி எளிமையானது. ஒருவருக்குச் சம்பந்தமில்லாத யாராவது, காசு வாங்காமல், அச்சில் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். பழனிசெட்டிபட்டியில் மாடி வீட்டு வாடகைக்காரனான என்னை யாரும் சீந்துவதில்லை. அங்கே மட்டும் எனக்கு ஒரு கெத்து இருந்தது. கறார் ஆசாமி என்று பெயரும் வாங்கியிருந்தேன்.

டீச்சரின் பழைய மாணவி ஒருத்தி அவரைப் பற்றி அதில் ஒரு பக்கம் தொடங்கினாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. மதுரையில் ஒரு பாடகி, டீச்சரின் கீர்த்தனைகள் மூன்றைத் தன் கச்சேரியில் பாடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். சபாக்காரர்களோ, யார் இந்த அம்மாள், இணையத்தில் தேடினால் ஒன்றுமே இல்லையே என்று இழுத்தார்கள். பக்கம் இருந்தால் காட்டலாம். அச்சு ஆதாரம் என்று மாணவி இணைத்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு சங்கீதப் பத்திரிகையில், பெயருள்ள விமர்சகர் ஒருவர் டீச்சரின் பாடல்களைப் பற்றி எழுதிய நான்கு பக்கக் கட்டுரை. ஒரு கல்யாணத்தில் தற்செயலாக அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, அவராகவே விசாரித்துக்கொண்டு வந்து எழுதியது. மாணவி நான்கு பக்கத்தையும் படமெடுத்துப் போட்டிருந்தாள். வழக்கம்போல, நீக்கலாமா வைக்கலாமா என்று கலந்துரையாடல் ஆரம்பித்தது. ஒரு வாரம் கெடு.

அந்த வாரம் டீச்சரின் கணவர் என் வீட்டுக்கு வந்தார். உரக்கடை வைத்திருப்பவர். பெண்டாட்டியை 'டீச்சர்' என்றுதான் சொல்வார். எனக்கு இணையத்தில் ஏதோ பழக்கம் உண்டு என்று மட்டும் அவருக்குத் தெரியும். டீச்சர் பக்கத்துக்கு உதவட்டும் என்று பெரிய பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து தரையில் கடை பரப்பினார். திருவிழா நோட்டீஸ்கள், ஃபிளெக்ஸ் பேனர்களின் போட்டோக்கள். எல்லாவற்றிலும் டீச்சர் பெயர், அதன் கீழே 'உபயம்' என்று கடைப் பெயர். கடைசியாக அந்தப் பத்திரிகையை எடுத்தார். விமர்சகரின் கட்டுரை முடியும் இடத்தில் தாளைத் திருப்பினார். அடுத்த பக்கம் முழுவதும் டீச்சரின் வண்ணப்படம், 'வாழ்த்தி மகிழும் அன்பு உள்ளங்கள்', முல்லையாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள உரக்கடைக்காரர்கள் பாதிப்பேரின் பெயர்கள்.

"அந்தப் பெரிய மனுசன் சும்மா எழுதிக் குடுத்திருக்காக சார். நாம பேசாம இருந்தா நல்லாவா இருக்கும்? விசயம் தெரிஞ்சதும் பத்திரிகைக்குப் போன் போட்டேன். முழுப் பக்கம் வாழ்த்துப் போடுங்கன்னுட்டேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

எங்கள் ஊர்ப் பக்கத்தில் அது அப்படித்தான். காதுகுத்தானாலும் கடைத் திறப்பானாலும், நமக்கு ஒருவர் நல்லது செய்தால் பதிலுக்கு ஒரு வாழ்த்துப் போடாதவன் மனுசனில்லை. அதில் தப்பாக என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்ற வழியே இல்லை. ஆனால் வெளியூரில் இருந்து அந்த இதழைப் புரட்டுகிறவனுக்கு, விளம்பரம் கொடுத்து வாங்கிய கட்டுரை என்றுதான் படும். மாணவி போட்ட நான்கு பக்கங்களில் அந்த ஐந்தாவது பக்கம் இல்லை. கலந்துரையாடலில் இருந்த யாருக்கும் அப்படியொன்று இருப்பது தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். அப்புறம் அங்கே ஒருவர், "நீங்கள் தேனிப் பக்கம்தானே, உங்கள் கருத்து என்ன?" என்று என்னைக் கேட்டார். சொந்த ஊர்க்காரருக்குச் சலுகை காட்டினான் என்று பேர் வந்துவிடுமோ என்று பயந்தேன். நேர்மை என்றுதான் அப்போது அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். அடுத்த பக்கத்தில் குடும்பத்தார் விளம்பரம் இருக்கிறது என்று எழுதினேன். கட்டுரை எழுதி முடித்த பிறகு கொடுத்த விளம்பரம், விமர்சகருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் எழுதியிருக்கலாம். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் எழுதவில்லை. மறுநாள் மத்தியானம் டீச்சரின் பக்கத்தை நீக்கிவிட்டார்கள்.

டீச்சரிடம் நானே போய், விளம்பரத்தைப் பற்றி அங்கே எழுதியது நான்தான் என்று சொன்னேன். திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளில் இருந்து அவர் நிமிரவில்லை. "சரிதான் சார். ஸ்டெப் இல்லாம விடைய மட்டும் எழுதுனா நானும் மார்க் போட மாட்டேன்" என்றார். அடுத்த தாளை எடுத்துக்கொண்டே, "அவுககிட்ட மட்டும் சொல்லிறாதீக. ஆசை ஆசையா வாழ்த்துப் போட்டாக" என்றார். மதுரைக் கச்சேரியில் அவர் பாட்டு எதுவும் பாடப்படவில்லை. என்னிடம் முகம் சுளிக்கவும் இல்லை. காலையில் வணக்கம் சொன்னால் வணக்கம் சொன்னார். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போதும் அதே ஜன்னலோரத்தில்தான் உட்காருகிறார். வகுப்பில்லாத நேரத்தில் செல்போன் பார்க்கிறார், இல்லையென்றால் மேசையில் தலைசாய்த்துத் தூங்குகிறார். புதிதாக ஏதாவது உண்டா என்று ஒரு முறை கேட்டேன். "பத்தாப்பு ரிசல்ட்டுக்கே நேரம் பத்தல சார்" என்றார். அத்துடன் நானும் கேட்பதை விட்டேன். கலைக்களஞ்சியத்தில் எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

போன வாரம் உரக்கடை அண்ணன் திரும்ப வந்தார். ஃபைல் இரண்டு மடங்கு பருத்திருந்தது. வேறொரு பத்திரிகையில் இருந்து டீச்சரைப் பற்றி எழுதக் கேட்டிருக்கிறார்களாம். டீச்சர் பிடி கொடுக்கவில்லையாம். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார். இந்தத் தடவ ரெண்டு பக்கம் வாழ்த்துப் போட்டு அசத்திருவோம்" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து என் வாய் தவறிவிட்டது.

"வாழ்த்தெல்லாம் வேணாம்ண்ணே. இந்தத் தடவையாச்சும் வேணாம்."

அவர் வியாபாரி. ஆள் முகம் பார்த்துச் சரக்கு எடுத்துக் கொடுக்கிறவர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப போன தடவ டீச்சர் பக்கம் போனது அதுனாலயா?"

நான் குனிந்து அவருடைய ஃபைலைப் பார்த்தேன்.

"டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியும்ண்ணே. அன்னைக்கே."

ஃபைலை மூடினார். அதன் பட்டன் சரியாக விழவில்லை, இரண்டு மூன்று முறை அழுத்தினார். "வீட்டுல பாட்டுச் சத்தம் நின்னு ரெண்டு வருசமாச்சு சார். பள்ளிக்கூடத்துல வேலை சாஸ்தியாக்கும்னு இருந்துட்டேன்" என்றார். என் மனைவி கொண்டுவந்த காபியைத் தொடவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினார்.

"அந்த வாழ்த்துப் பக்கத்தப் பாத்துச் சொன்னது யாரு சார்?"

"அங்கன எல்லாரும் புனைபேருலதான் எழுதுவாகண்ணே" என்றேன். "யாருன்னு தெரியாது."

"அவுகளச் சொல்லி என்ன சார். அவுக வேலைய அவுக பாத்தாக. நாந்தான் கெடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.