ஜாடியின் வாயில் உப்பு

நம்பாதவர்கள் நம்பவேண்டாம், அவர்களோடு எனக்கு வழக்கில்லை. இது நடந்தது. அந்த ஜாடியில் நானும் வாய் வைத்துக் குடித்திருக்கிறேன்.

ரோவின் என்ற இந்தக் கடலோர நகரத்தின் பழைய பகுதியில் நான் வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷம் ஆகிறது. வெளியூர்க்காரர்களைச் சந்து சந்தாக அழைத்துப்போய், ஒரு கடையில் பொரித்த மத்தி, இன்னொரு கடையில் ஆட்டுப்பால் சீஸ் என்று சாப்பிடவைப்பதுதான் என் பிழைப்பு. கடைசியில் எப்போதும் ஓந்தினாக்கா கடை. சிவப்பு ஒயினைச் சூடாக்கி, சர்க்கரை, மிளகு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து, சுட்ட ரொட்டியை அதில் ஊறப்போட்டு மண் ஜாடியில் கொடுப்பாள். கணப்பைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே ஜாடியைக் கைமாற்றிக் குடிப்போம்.

அந்த ஜனவரி வியாழக்கிழமை அவள் கடை திறப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. செவ்வாய் இரவுக் காற்றில் மீன்பிடி விசைப்படகு ஒன்று கவிழ்ந்து, மற்றவர்கள் பிழைத்து, அவள் மகன் நெரியோவை மட்டும் காணவில்லை. அவனை நான் பார்த்ததில்லை. நான் இந்த ஊருக்கு வரும் முன்பே அம்மாவோடு சண்டை போட்டு, அவள் நீட்டிய ஜாடியைத் தள்ளிவிட்டு, பூலா என்ற பக்கத்துத் துறைமுகத்துக்குப் போய்ப் படகு வேலையில் சேர்ந்தவன்.

"இவங்கள வேற எங்கயாவது கூட்டிட்டுப் போறேன்க்கா."

"சும்மா உக்காந்தா பைத்தியம் புடிச்சிரும்டி. இருக்கானோ இல்லையோ... வீட்டை விட்டு வெறும் வயித்தோட போனானே. அதுதான் என்னை அறுக்குது."

மணி ஆறு. இருட்டிவிட்டது. காற்றுக்குப் பயந்து கதவை உள்ளே தாழிட்டேன். ஓந்தினாக்கா அடுப்பங்கரையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ஜாடி கைமாறத் தொடங்கியது.

கணப்போரம் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். அன்று நான் அழைத்து வந்திருந்தவர்களில் ஜாக்ரெப் நகரத்து ஸ்லாவ்கோ என்பவரின் கூட்டத்து ஆள் என்று நான் நினைத்தேன். கடைப் பையன் என்று அவர்கள் நினைத்தார்களாம்.

அவன் ஸ்வெட்டரிலிருந்து சொட்டு... சொட்டு... என்று தண்ணீர். வெளியே மழையில்லை.

அவனிடமிருந்து ஜாடி எனக்கு வந்தது. சூடான ஒயின், ஆனால் ஜாடி சில்லென்றிருந்தது. வாய் வைத்தேன்.

உப்பு.

"என்ன, உப்புக் கரிக்குது?"

"எனக்கு இனிச்சுதே! நாக்கக் கழட்டி வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார் ஸ்லாவ்கோ. எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"உள்ள இருக்கறவங்க வரமாட்டாங்களா?" என்றான்.

ஏனோ எனக்கு அழுகை வந்தது. காரணம் தெரியவில்லை.

"அக்கா! உன்னை ஒரு தம்பி கேக்கறாரு!"

"ரொட்டி கருகிரும்டி. வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லு!"

அவன் கை நீட்டினான். கொடுத்தேன். குடித்தான்... குடித்துக்கொண்டே இருந்தான்.

"ஏம்ப்பா, எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வை!" என்றார் ஸ்லாவ்கோ.

வைக்கவில்லை. அடியில் கிடந்த ரொட்டியையும் விரலால் வழித்துத் தின்றான்.

சடக்! கணப்பில் விறகு வெடித்தது. திரும்பினேன்.

பெஞ்சில் காலி ஜாடி.

அவன் இல்லை.

கதவில் தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது...

மறுநாள் காலை நெரியோ கரை ஒதுங்கினான். அடையாளம் காட்டப் போன அக்காவுக்குத் துணையாக நானும் போனேன். துணியை விலக்கினார்கள். அதே முகம். அதே ஸ்வெட்டர்.

செவ்வாய் இரவே செத்துவிட்டான் என்றார் டாக்டர். ஆனால் பிரேதப் பரிசோதனை முடித்துவிட்டு எங்களிடம் ஒன்று கேட்டார். வயிற்றில் சிவப்பு ஒயினும் சுட்ட ரொட்டியும் மிளகும் செரிக்காமல் இருக்கிறதாம். கடைசியாக எங்கே சாப்பிட்டான்? படகில் ஒயினே கிடையாது என்று கூட இருந்தவர்கள் சத்தியம் செய்தார்களாம்.

வெளியே வந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மிச்சம் வெச்சானாடி?"

"இல்லக்கா. வழிச்சுத் தின்னுட்டான்."

தலையாட்டினாள். பிறகுதான் குரல் உடைந்தது.

"கூப்பிட்டானேடி... ஒரு எட்டு வந்து பாத்திருக்கக் கூடாதா நான்?"